சின்ன நாய்க்குக் கருத்தடை: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டு நாய் என்றால் பெரும்பாலும் சின்ன நாய்தான். வாடகை வீட்டிலும் இரண்டாம் மாடி அபார்ட்மெண்டிலும் ராஜபாளையத்தை வளர்க்க முடியாது. பொமரேனியன் என்று நாம் வாங்கி வரும் வெள்ளை நாய் (உண்மையில் அது இந்தியன் ஸ்பிட்ஸ்), பக், ஷிட்ஸு, டாஷண்ட், இவற்றோடு என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாத ஆறேழு கிலோ கலப்பு நாய்கள். இந்த அத்தியாயம் இவற்றுக்கானது. லேப்ரடார், ராட்வைலர் வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லும் வயதுக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய நாய்களின் மூட்டு வளர்ச்சி மெதுவாக நடப்பது. அவற்றுக்குக் கணக்கு வேறு.

கருத்தடை ஆபரேஷன் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் செய்வது. ஆண் நாய்க்குக் கால்மணியிலிருந்து அரைமணி, பெண் நாய்க்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. சின்ன நாய்க்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோதான். பார்க்காமல் விட்ட உண்ணிக் காய்ச்சல், தேவைக்கு மேல் போட்ட பட்டினி, மயக்கம் தெளியும் நேரத்துக் குளிர், மூன்றாம் நாள் நக்கிப் பிரித்த தையல். இந்த நான்கும் நீங்கள் கவனித்தால் தவிர்க்கக் கூடியவை. அதனால் இங்கே ஆபரேஷனைப் பற்றிக் குறைவாகவும் இவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

செய்யத்தான் வேண்டுமா?

பெண் நாய் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, செய்துவிடுங்கள். சின்ன இனப் பெண் நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் முறை ஹீட்டுக்கு வரும். சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அந்த மூன்று வாரமும் தெருவில் இருக்கிற ஆண் நாய் எல்லாம் உங்கள் கேட்டுக்கு வெளியேதான் படுத்திருக்கும். பால்காரர் கேட்டைத் திறக்கும் அரை நிமிடம் போதும். ஐந்து கிலோ நாய் இருபது கிலோ தெருநாயால் கருவுற்றால் குட்டிகள் தாயின் இடுப்புக்குப் பெரிதாகிவிடலாம். பிரசவ வலி வந்து குட்டி வெளியே வராமல் இரவு பதினொரு மணிக்கு எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று தேடி அலைவதோடு ஒப்பிட்டால், நிதானமாக நாள் குறித்துச் செய்யும் கருத்தடை ஒன்றுமே இல்லை.

இன்னொரு காரணம் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது. பயோமெட்ரா என்பார்கள். கருத்தடை செய்யாத நடுவயது, முதிய நாய்களுக்கு வரும். ஹீட் முடிந்த இரண்டு மாதத்துக்குள் தலைகாட்டும். நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், சிலவற்றுக்குப் பின்பக்கம் சீழ் வடியும். அப்போதும் இதே ஆபரேஷனைத்தான் செய்தாக வேண்டும். ஆனால் எட்டு, ஒன்பது வயதில், காய்ச்சலோடு, கிட்னி பாதித்த நிலையில்.

மார்புக் கட்டியைப் பற்றியும் டாக்டர் சொல்வார். 1969இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கருத்தடையே செய்யாத நாய்க்கு இருக்கும் அபாயத்தோடு ஒப்பிட்டால், முதல் ஹீட்டுக்கு முன் செய்த நாய்க்கு 0.5 சதவீதம், ஒரு ஹீட் கழித்துச் செய்தால் 8, இரண்டு கழித்தால் 26 சதவீதம் என்று அது சொன்னது. 2012இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசியவர்கள், சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்றார்கள். ஆகவே எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலம் தாழ்த்துவதால் லாபம் இல்லை என்பது வரை நம்பலாம்.

“ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. போட்ட நான்கு குட்டிகளுக்கும் நல்ல வீடு தேடிக் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே உங்களைத் தடுத்துவிடுவார்கள்.

ஆண் நாய்க்கு அவசரம் குறைவு. செய்தால் ஊர் சுற்றுவது குறையும், சுவரெல்லாம் கால் தூக்குவது குறையும், சோபா குஷன்மேல் ஏறுவது குறையும். வயதான காலத்தில் வரும் புராஸ்டேட் வீக்கமும் விதைக் கட்டியும் தவிரும். சி.டி.எச். ரோட்டை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்களுக்கு முதல் காரணமே போதும். பெண் நாய் வாசனையில் ஓடும் நாய் லாரியைப் பார்க்காது. ஆனால் காலிங் பெல் அடித்தால் குரைப்பதும், பட்டாசுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிவதும், விருந்தாளியின் செருப்பைக் கடிப்பதும் அப்படியேதான் இருக்கும். “ஆபரேஷன் பண்ணியும் குரைக்கிறதே டாக்டர்” என்று ஒரு மாதம் கழித்துப் போய் நிற்காதீர்கள்.

ஆண் குட்டியாக இருந்தால் ஆறு மாதம் ஆனதும் இரண்டு விதைகளும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன இனங்களில் ஒன்று வயிற்றுக்குள்ளேயோ தொடை இடுக்கிலேயோ தங்கிவிடுவது சகஜம். உள்ளே தங்கிய விதையில் பிற்பாடு கட்டி வரும் அபாயம் பல மடங்கு. அந்த நாய்களுக்கு மட்டும் ஆண் என்றாலும் கட்டாயம் செய்ய வேண்டும். விதை வயிற்றுக்குள் இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் செலவும் கூடும்.

எப்போது?

ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள். பெண் நாய்க்கு முடிந்தால் முதல் ஹீட்டுக்கு முன். ஹீட்டில் இருக்கும்போது செய்யக் கூடாது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அப்போது புடைத்திருக்கும். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள். தடுப்பூசிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நாலு நாய்கள் வந்து போகும் கிளினிக்கில் பார்வோ தடுப்பூசி போடாத குட்டியை அரை நாள் வைத்திருப்பது வம்பு.

நம் பக்கத்தில் மாதத்தையும் பார்க்க வேண்டும். தையும் மாசியும் உத்தமம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் தையலை நனையாமல் காப்பது பெரிய பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டும் ஆவடிச் சுற்றுப்புறமும் எப்படிக் கிடந்தன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தையல் போட்ட நாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடும் நிலைமை வேண்டாம். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் வேண்டாம். பட்டாசுச் சத்தத்தில் துள்ளிக் குதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு வாங்குவதே சிரமம், மயக்க மருந்தும் சேர வேண்டாம்.

வருமானம் அனுமதித்தால் இன்னொன்றையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். சின்ன நாய்களுக்குப் பால்பல் விழாமல், பக்கத்திலேயே புதுப் பல்லும் முளைத்து இரண்டும் ஒட்டி நிற்கும், குறிப்பாகக் கோரைப்பல். இடுக்கில் உணவு தங்கி ஈறு கெடும். அதே மயக்கத்தில் பால்பல்லைப் பிடுங்கிவிடலாம். தொப்புள் குடலிறக்கம் இருந்தாலும் அப்போதே தைத்துவிடுவார்கள். ஒரு மயக்கத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு மயக்கம் எதற்கு?

எங்கே?

பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேப்பேரிதான். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் இருக்கிறது. அறுவைப் பிரிவு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். செலவும் தனியாரைவிடக் குறைவு. ஆனால் கூட்டம் அதிகம். முதல் நாளே ஆபரேஷன் ஆகிவிடும் என்று போகாதீர்கள். முதலில் ஓ.பி.யில் காட்டி, பரிசோதனை முடித்து, பிறகு தேதி வாங்குவதுதான் வழக்கம். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் சுமார் இருபது கிலோமீட்டர். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது மதுரவாயல் நெரிசலில் ஆட்டோ தூக்கிப் போடும் ஒவ்வொரு குழியிலும் தையல் போட்ட நாய் மடியில் இருக்கும். இதய நோய், வயது அதிகம், விதை இறங்காதது, சப்பை மூக்கு என்று ஏதாவது விசேஷம் இருந்தால் அந்தத் தூரம் தகும். மற்றபடி ஆரோக்கியமான எட்டு மாத ஸ்பிட்ஸுக்கு வீட்டுக்கு அருகே உள்ள நல்ல தனியார் கிளினிக்கே வசதி. இரவு ஏதாவது ஆனால் கால்மணியில் போய்விடலாம்.

நல்ல கிளினிக் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவரில் மாட்டிய சான்றிதழைவிட நான்கு கேள்விகள் அதிகம் சொல்லும். மயக்கம் ஊசி மட்டுமா, கேஸும் உண்டா? மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா? டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது நாயின் மூச்சையும் துடிப்பையும் வேறு ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? இரவு சிக்கல் என்றால் யாருக்கு போன் செய்வது? ஊசி மயக்கத்திலேயே ஆயிரக்கணக்கான நாய்களுக்கு நல்லபடியாகச் செய்த டாக்டர்கள் இருக்கிறார்கள்; அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். ஆனால் பக், ஷிட்ஸு என்றால் டியூப் இல்லாத இடத்தில் செய்யாதீர்கள், என் கருத்து இதில் கறார். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற இடத்திலிருந்து கிளம்பிவிடலாம். கட்டணத்தையும் மொத்தமாகக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை, மயக்கம், மருந்து, காலர், தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று தெரியாமல் ஒரு தொகையைக் கேட்டுக்கொண்டு வந்தால் பில்லைப் பார்க்கும்போது மனக்கசப்பு வரும்.

தெருநாய்களுக்கு மாநகராட்சி செய்வதும் இதே ஆபரேஷன்தான். 1964இல் ப்ளூ கிராஸ் அமைப்பு சென்னையில் தொடங்கி வைத்த முறை அது. நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. 2001இல் நாடு முழுமைக்குமான விதியானது, 2023இல் புதிய விதிகள் வந்தன. தெருநாய்க்கு அடையாளமாகக் காதில் ஒரு சிறு வெட்டு போடுவார்கள். உங்கள் நாய்க்கு அது கிடையாது, கவலை வேண்டாம்.

உண்ணியும் பிளேட்லெட்டும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணி வருடம் முழுக்க உண்டு. காலி மனை, புல், பக்கத்து வீட்டு மாடு, மதில் சுவர் வெடிப்பு எல்லாவற்றிலும் இருக்கும். நீள முடி ஸ்பிட்ஸில் கண்ணுக்கே தெரியாது. காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மிளகு போல ஒன்று தட்டுப்படும். இந்த உண்ணி கடித்து எர்லிக்கியா, பெபீசியா என்ற கிருமிகள் ரத்தத்தில் ஏறும். இதைத்தான் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். விசித்திரம் என்னவென்றால், எர்லிக்கியா பிடித்த நாய் பல மாதம் வெளியே எதுவும் காட்டாமல் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். உள்ளே பிளேட்லெட் மட்டும் இறங்கியிருக்கும்.

டெங்குக் காலத்தில் பிளேட்லெட் கணக்குப் பார்த்துப் பழகிய ஊர் இது. அதே பிளேட்லெட்தான். ரத்தம் உறைய அது வேண்டும். நாய்க்குச் சாதாரணமாக இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கும். முப்பதாயிரத்தோடு வயிற்றைத் திறந்தால் கட்டிய இடத்திலும் கட்டாத இடத்திலும் கசியும். நான்கு கிலோ நாயின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை டம்ளர்தான். இருபது கிலோ நாய் தாங்கும் கசிவை இது தாங்காது.

ஆகவே ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே முழு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட், அதோடு கிட்னிக்கு கிரியாட்டினின், ஈரலுக்கு ஒரு பரிசோதனை. “சின்ன வயசு நாய்தானே, வேண்டாம்” என்று கிளினிக்கே சொன்னாலும் நீங்கள் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு நுணுக்கம்: குழாயில் எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் மிஷின் அதைக் குறைத்து எண்ணிவிடும். ரிப்போர்ட்டில் எண் குறைவாக வந்தால் பதறாமல், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தகட்டிலேயே கிருமியும் சில சமயம் தெரிந்துவிடும்.

உண்ணிக் காய்ச்சல் உறுதியானால் ஆபரேஷன் தள்ளிப் போகும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள். பிறகு மறுபடி ரத்தம் பார்த்துத் தேதி. அந்த ஒரு மாதத் தாமதத்தை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ஆபரேஷன் மேஜையில் தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உண்ணிக்கான மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேட்டு, தேதிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆபரேஷன் ஆன பிறகு இரண்டு வாரம் குளிப்பாட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் முன்பு குளிப்பாட்டி நன்றாகத் துவட்டி, நகமும் வெட்டிவிடுவது நல்லது.

பட்டினி

கிளினிக் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

“நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஒண்ணுமே கொடுக்கல டாக்டர். பச்சத் தண்ணி கூட இல்ல.”

“தண்ணிய ஏம்மா நிறுத்துனீங்க? இது ரெண்டு கிலோ குட்டி.”

வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால்தான் பட்டினி. வளர்ந்த நாய்க்கு முந்தின இரவு சாப்பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். மூன்று கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு அது அதிகம். அதன் உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. நீண்ட பட்டினியில் சர்க்கரை இறங்கி, நடை தள்ளாடி, சோர்ந்து சரியும். ஆகவே நாயின் எடையைச் சொல்லி, எத்தனை மணி நேரம் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். குட்டிகளுக்கு நாலு மணி நேரத்துக்கு உள்ளேயே நிறுத்துபவர்கள் உண்டு. தண்ணீரைக் காலையில் கிளம்பும் வரை வைக்கலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அன்றைக்கு முதல் கேஸாக எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மதியம் இரண்டு மணி வரை பசியோடு கூண்டில் காத்திருக்க வேண்டியது சின்ன நாயாக இருக்கக் கூடாது.

வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைக்கவும் மறக்காதீர்கள். “பசிக்குதோ என்னமோ” என்று பாட்டி காலையில் ரகசியமாக ஊட்டிய இரண்டு மேரி பிஸ்கட்டால் ஆபரேஷன் தள்ளிப் போன வீடுகள் நிறைய. அப்படிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் சரி.

அன்றைய நாள்

ஒரு பெரிய பாத் டவல், இரண்டு பழைய பருத்திப் புடவைத் துண்டு, தடுப்பூசிப் புத்தகம், ரத்த ரிப்போர்ட், மாற்றுத் துணி. நாய்க்கு இல்லை, உங்களுக்கு. வரும் வழியில் மடி நனையலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதில் உயிராபத்து என்ற சொல் இருக்கும். எல்லாப் படிவத்திலும் அது உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான நாய்களுக்கு மயக்கத்தால் வந்த மரணம் இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருந்தது. ஐந்து கிலோவுக்குக் கீழே உள்ள நாய்களுக்கு அபாயம் கூடுதல். அந்த ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். மரணங்களில் ஏறக்குறைய பாதி ஆபரேஷன் மேஜையில் நடக்கவில்லை. முடிந்த பிறகு நடந்தவை, அதிலும் ஏறத்தாழ பாதி முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

ஆகவே “முடிஞ்சுது, தூக்கிட்டுப் போங்க” என்று துவண்ட நாயைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். தலையைத் தானே தூக்கி, பெயர் சொன்னால் திரும்பி, நாலு காலில் தள்ளாடியாவது நிற்கும் வரை கிளினிக்கிலேயே இருங்கள். நாற்காலி இல்லையென்றால் படியில் உட்காருங்கள். பக், ஷிட்ஸு என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து.

அந்த நேரத்தில் என்ன பார்ப்பது? நாய் ஒருக்களித்துப் படுத்திருக்கும். கண் பாதி திறந்து, உள் மூலையிலிருந்து ஒரு சிவந்த ஜவ்வு விழியை மூடியிருக்கும். அது மூன்றாம் இமை, மயக்கம் தெளியத் தெளிய உள்ளே போய்விடும். நாக்கு வெளியே தொங்கும். மேல் உதட்டை விரலால் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைத் தாள் மாதிரியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். (கறுத்த ஈறு உள்ள நாய்க்கு நாக்கைப் பார்க்கலாம். உங்கள் நாயின் நிறம் எப்படி என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி.) பாதத்தைத் தொடுங்கள். சில்லிட்டிருந்தால் டவலில் சுற்றுங்கள். வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் கிடத்திய நாலு கிலோ உடம்பு சூட்டை வேகமாக இழந்திருக்கும். மே மாதத்திலும் நடுங்கும். வெந்நீர் பாட்டிலை நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள். சுட்டாலும் விலகத் தெரியாது, தோல் வெந்துவிடும். துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம்.

ஆண் நாயைப் பார்த்துவிட்டு “டாக்டர் எடுக்கவே இல்லையே” என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. பைக்குச் சற்று முன்னால் சிறிதாகக் கீறி, விதைகளை அந்த வழியாக எடுத்துவிடுவார்கள். பை அங்கேயே இருக்கும். சில நாள் வீங்கியும் இருக்கும். நாளடைவில் சுருங்கிவிடும். பெண் நாய்க்குத் தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் நீளத் தையல்.

முதல் இரவு

தரையில் படுக்க வையுங்கள். கட்டில், சோபா கூடாது. மயக்கத்தில் குதித்து விழும். மொசைக் தரை சில்லென்று இருக்கும் என்பதால் கோணி, அதன்மேல் பழைய பெட்ஷீட். ஃபேன் நேரே படாத மூலை. குழந்தைகளையும் பார்க்க வரும் அக்கம்பக்கத்தாரையும் நாளைக்கு வரச் சொல்லுங்கள். நாய் முனகும், விட்டுவிட்டு அழும், உங்களையே வெறிக்கும். பாதி மருந்தின் வேலை அது, எல்லாம் வலி இல்லை.

நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு இரண்டு ஸ்பூன் தண்ணீர். அரைமணி கழித்து வாந்தி இல்லையென்றால் குழைந்த சாதத்தில் வேகவைத்த கோழியைப் பிசைந்து, வழக்கமான அளவில் கால் பங்கு. தயிர்சாதம் பழகிய நாய்க்கு அதுவே போதும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு என்றைக்குமே கூடாது, இன்றைக்கு நிச்சயமாக. அன்றிரவு சாப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம். மறுநாள் மாலை வரை வாயே வைக்கவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

வலி மருந்து டாக்டர் எழுதியது மட்டும். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஐந்து கிலோ நாய்க்கு ஒரு டோலோ 650 விஷம். புரூஃபென், டைக்ளோஃபெனாக் குடலையும் கிட்னியையும் கெடுக்கும். “பாதிதான் கொடுத்தேன்” என்பதும் இதில் செல்லாது.

அடுத்த இரண்டு வாரம்

கழுத்தில் மாட்டும் கூம்புக் காலரைப் பார்த்து உங்களுக்கே பரிதாபமாக இருக்கும். சுவரில் இடிக்கும், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கும், பின்னோக்கி நடக்கும். இரண்டாம் நாள் “கொஞ்ச நேரம் கழட்டி விடலாமே” என்று தோன்றும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தையல் பிரிகிறது. நீங்கள் எதிரே உட்கார்ந்து ஊட்டும்போது மட்டும் கழற்றுங்கள். பெண் நாய்க்குக் குழந்தையின் பனியனை மாட்டி விடலாம். ஆனால் அது காலருக்கு மாற்று ஆகாது.

நக்குவதைவிட நம் ஊரில் நான் அதிகம் பயப்படுவது ஈக்கு. ஈரமான தையலில் ஈ உட்கார்ந்து முட்டை வைத்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். நீள முடிக்குள் அது தெரியவே தெரியாது. முதலில் வருவது ஒரு கெட்ட நாற்றம்தான். காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள், குனிந்து முகர்ந்தும் பாருங்கள். வாசலிலோ மொட்டை மாடியிலோ படுக்க விடாதீர்கள். எறும்பு வராமல் சாப்பாட்டுத் தட்டை உடனே கழுவுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் தையலில் தடவ வேண்டாம். தையல் காய்ந்து கிடப்பதுதான் வேண்டும். எண்ணெய் தூசியை இழுத்து வைக்கும்.

சிறிது சிவப்பும் லேசான வீக்கமும் முதல் மூன்று நான்கு நாள் இயல்பு. ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, சீழ், தையல் விலகி உள்ளே ஏதோ பிதுங்குவது, வயிறு உப்புவது, ஈறு வெளுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிதுங்கியதை உள்ளே தள்ளவும் முயலாதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

நடைக்குக் கயிற்றில் கட்டி, சிறுநீர் மலம் கழிக்க மட்டும். மாடிப்படியில் தூக்கிப் போங்கள். மார்பையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஏந்துங்கள். அக்குளைப் பிடித்துத் தூக்கினால் வயிற்றுத் தையல் இழுபடும். ஐந்தாம் நாளில் நாய், எல்லாம் சரியாகிவிட்டது போலத் துள்ளும். தோலுக்கு அடியில் உள்ள தசை இன்னும் கூடவில்லை. பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். கரையும் தையலாக இருந்தாலும் ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள். அதுவரை குளியல் இல்லை.

ஆண் நாய் ஆபரேஷன் ஆன மறுநாளே மலடாகிவிடாது. ஏற்கெனவே குழாயில் தங்கிய விந்து சில வாரம் இருக்கும். ஆறு வாரம் வரை பெண் நாயிடம் விடாதீர்கள்.

அதற்குப் பிறகு

ஆபரேஷனால் நாய் குண்டாகாது, அதன் பிறகும் பழைய அளவே போடுவதால் குண்டாகிறது. தேவை கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடும், பசியோ கூடும். ஐந்து கிலோ ஸ்பிட்ஸுக்கு ஒரு கிலோ ஏறுவது அறுபது கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ ஏறுவதற்குச் சமம். காப்பி நேரத்து பிஸ்கட்டை முதலில் நிறுத்துங்கள், பிறகு சாதத்தைக் குறையுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். ஸ்பிட்ஸ் போன்ற நீள முடி நாய்களில் சிலவற்றுக்கு முடி பஞ்சு மாதிரி மாறலாம். சீப்பு வேலை கூடும், கெடுதல் இல்லை. பெரிய பெண் நாய்களுக்குச் சில சமயம் வரும் சிறுநீர்க் கசிவு சின்ன நாய்களுக்கு அரிது.

கடைசியாகக் காகித வேலை. கருத்தடை செய்ததற்கான சான்றை டாக்டரிடம் எழுதி வாங்கித் தடுப்பூசிப் புத்தகத்தோடு வையுங்கள். 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கும் அம்பத்தூர்க்காரர்களுக்கு நாய் உரிமம் கட்டாயம். 2025இல் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அங்கே இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கே இருந்தாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். கருத்தடை ஆகிவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.